தில்லி சொல்லாத வாக்கியம்

(கன்னிவாடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போரில் பொதுமக்களைக் கொன்ற நாடு பிற்பாடு அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. 'வேண்டும்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே யாரும் மறுக்கப் போவதில்லை. ஜாலியன்வாலா பாக்குக்கு லண்டன் கேட்க வேண்டும். முள்ளிவாய்க்காலுக்குக் கொழும்பு கேட்க வேண்டும். இதில் நமக்குள் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் நம்முடைய தில்லியின் பெயரும் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. நம் மேடைகள் அந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். நான் அந்த இடத்திலேயே நின்று பேசுவதாக இருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்; வாதம் அப்புறம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணம் போய் இறங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 12ஆம் தேதி விடியுமுன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைவீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். சரியான தகவல் இல்லாமல், பின்துணை இல்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தச் சாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் தில்லியில்தான் இருந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து அக்டோபர் 21. அன்று தீபாவளி. யாழ்ப்பாணத்து மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தது. எக்ஸ்ரே பிரிவில் ஒதுங்கியிருந்த நோயாளிகள் மீதும் ஊழியர்கள் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது, கைக்குண்டு வீசப்பட்டது. பிணங்களுக்கு நடுவே பிணம்போல் இரவெல்லாம் கிடந்து தப்பியவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். மறுநாள் காலை குழந்தை மருத்துவர் ஒருவர், உடன் சில நர்சுகளோடு, கைகளை மேலே தூக்கிக்கொண்டு, 'நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம்' என்று சொல்லியபடி நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். அந்த இரண்டு நாளில் இறந்தவர்கள் அறுபதிலிருந்து எழுபது பேர் வரை. அவர்களில் மூன்று மருத்துவர்கள் உட்பட 21 பேர் மருத்துவமனை ஊழியர்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று அவர்களுடைய படங்களை வைத்து, விளக்கேற்றி, அந்த மருத்துவமனை இன்றும் அஞ்சலி செலுத்துகிறது.

மருத்துவமனைக்குள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், இரண்டு பக்கச் சூட்டுக்கு நடுவே சிக்கிப் பலர் இறந்தார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். புலிகள் சிலர் ஆயுதத்தோடு உள்ளே வந்தது உண்மை. வெளியே போய்விடுங்கள் என்று மருத்துவர்கள் அவர்களிடம் மன்றாடியதும் உண்மை. அந்தத் தவறு புலிகளின் கணக்கில் நிற்கட்டும். ஆனால் முதல்நாள் யார் சுட்டிருந்தாலும், மறுநாள் காலை கையைத் தூக்கிக்கொண்டு வந்த மருத்துவரைச் சுட்டதற்கு அது பதிலாகாது.

இரண்டு ஆண்டு கழித்து, 1989 ஆகஸ்டில், வல்வெட்டித்துறை. புலிகளின் தாக்குதலில் வீரர்கள் சிலர் இறந்த ஆத்திரத்தில் படை ஊருக்குள் புகுந்தது. 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் கொளுத்தப்பட்டன. 1968இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை செய்ததோடு ஒப்பிட்டு, இது இந்தியாவின் மை லாய் என்று சொன்னவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அதே பெர்னாண்டஸ் 1998இல் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானார். அப்போதும் தில்லியிலிருந்து ஒரு வாக்கியம் வரவில்லை.

ஏன் வரவில்லை? 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு, கூட்டம் பார்க்க வந்தவர்களும் காவலுக்கு நின்றவர்களும் செத்தார்கள். அதன்பிறகு அமைதிப்படையின் செயலைப் பற்றி வாய் திறந்தவர்கள் எல்லாம் கொலையாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். ஒரு கொலை இன்னொரு கொலையைப் பேசவிடாமல் செய்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது மன்னிக்க முடியாத குற்றம்தான். ஆனால் 1991இல் நடந்த குற்றத்தைச் சொல்லி, 1987இல் ஆஸ்பத்திரியில் செத்த நர்சின் கணக்கை முடித்துவிட முடியாது.

இனி வாதத்துக்கு வருகிறேன். நாடுகள் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பவர்களிடம் நாலு காரணம் உண்டு. நாலும் அலட்சியமாகத் தள்ளக்கூடியவை அல்ல.

முதல் காரணம்: செய்தவர்கள் வேறு, இன்று ஆள்பவர்கள் வேறு. நான் பிறக்குமுன் நடந்ததற்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்?

இங்கே நிலம் வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். நிலம் கைமாறினால் அதன் மேலிருக்கும் கடனும் கூடவே வரும் என்று அவருக்குத் தெரியும். அரசுகளுக்கும் இது தெரியும். 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைப் பிரிட்டிஷ் மகுடம் எடுத்துக்கொண்டபோது, கம்பெனி பட்ட கடனையும், அதன் பங்குதாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய லாபத்தையும் சட்டம் போட்டு இந்தியாவின் வருவாய் மேல் ஏற்றினார்கள். கம்பெனியின் கடனை நம் முப்பாட்டன்மார் கட்டினார்கள். கடன் கைமாறும்போது பழி மட்டும் ஏன் கைமாறாது?

மேடைக்கு வருமுன் ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: 'அப்படியானால் நம்ம விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801இல் திண்டுக்கல்லில் தூக்கில் போட்டார்களே, அதற்கும் லண்டன் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, ஐயா?' நல்ல கேள்வி. கோபால் நாயக்கர் ஆயுதம் எடுத்துப் போரிட்ட பாளையக்காரர். விளைவு தெரிந்தே இறங்கினார். அவருக்கு நாம் தரவேண்டியது மரியாதை. என் பேச்சு ஆயுதம் எடுக்காதவர்களைப் பற்றியது. ஆனாலும் தம்பியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எவ்வளவு காலம் பின்னோக்கிப் போவது? என் பதில் இது. இழந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ உயிரோடு இருக்கும்வரை போகலாம். அரசு தன் பழைய பொய்யை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு மேலும் போகலாம். 1987 இந்த இரண்டு கணக்கிலும் வரும்.

பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில், ஊர்வலம் போன மக்களைப் பிரிட்டிஷ் படை சுட்டது. 13 பேர் அங்கேயே செத்தார்கள். அவசரமாக நடந்த முதல் விசாரணை படையைக் காப்பாற்றியது. சொந்தங்கள் விடவில்லை. 1998இல் மறுவிசாரணை தொடங்கி, 12 ஆண்டு நடந்து, 2010 ஜூனில் அதை நடத்திய சவில் பிரபுவின் அறிக்கை வந்தது. அன்றைக்கே கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததை நியாயப்படுத்தவே முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். டெரி மக்கள் தெருவில் நின்று அதைத் திரையில் பார்த்தார்கள். அதே கேமரூன் 2013 பிப்ரவரியில், ஜாலியன்வாலா பாக் இருக்கும் அமிர்தசரஸுக்கு வந்தார். மிகவும் வெட்கக்கேடான சம்பவம் என்று பார்வையாளர் ஏட்டில் எழுதினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முன் நடந்தது என்றார். டெரி சூட்டின்போது அவருக்கு ஐந்து வயது. வயது காரணமில்லை என்பது தெரிகிறதல்லவா? டெரிக்காரர்களுக்கு ஓட்டு இருந்தது, விசாரணை ஆணையம் இருந்தது, விடாப்பிடியான சொந்தங்கள் லண்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அமிர்தசரஸ் தூரத்தில் இருந்தது. தெரேசா மே 2019இல், நூற்றாண்டு நினைவை ஒட்டி, ஆழ்ந்த வருத்தம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் காரணம்: மன்னிப்புக் கேட்டால் நஷ்டஈடு கேட்பார்கள், கஜானா தாங்காது.

இந்தோனேசியாவில் ராவாகெடே என்றொரு கிராமம். 1947 டிசம்பர் 9 அன்று டச்சுப் படை அந்த ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டது. காலம் கடந்துவிட்டது, வழக்கு செல்லாது என்று நெதர்லாந்து அரசு வாதாடியது. கிழவிகளாகிவிட்ட விதவைகள் சிலர் ஹேக் நகர நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணவனைக் கண்ணெதிரே இழந்தவள் உயிரோடு இருக்கும்போது காலாவதி என்று சொல்ல முடியாது என்ற கருத்தில் 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று டச்சுத் தூதர் அந்தக் கிராமத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். விதவைகளுக்குத் தலா 20,000 யூரோ கொடுத்தார்கள். நெதர்லாந்து திவாலாகிவிடவில்லை.

பணம் பேசி முடித்தாலும் மன்னிப்பு பாக்கி நிற்கும் என்பதற்கு நம் தமிழர் கதையே சாட்சி. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனது. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அதில் தமிழர்கள் பெருந்திரள். அதே பாதையில் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. 1952இல் ஜப்பானோடு செய்த சமாதான உடன்படிக்கையில் இந்தியா நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. 1967இல் மலேசியாவுக்கு ஜப்பான் இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்குப் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது. 1995இல் பிரதமர் முராயாமா ஆசிய மக்கள் அனைவரிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். அது பெரிய காரியம்தான். ஆனால் ரயில் பாதையில் கணவனைப் பறிகொடுத்த தோட்டத்துத் தமிழச்சி அந்த உரையில் எங்கே இருக்கிறாள்? ஊர் பெயரும் தேதியும் எண்ணிக்கையும் இல்லாத மன்னிப்பு யாருக்கும் போய்ச் சேராது.

மூன்றாம் காரணம்: படையின் மனம் உடைந்துவிடும். எல்லையில் நிற்பவனை நாம் காட்டிக்கொடுப்பதாகும்.

ராணுவத்தில் பிள்ளை உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களிடம் நேராகவே சொல்கிறேன். இலங்கையில் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிர்விட்டார்கள். கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகம் வந்தபோது, அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. போய் வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்து சுடவில்லை. ஆனால் யார் செய்தது, யார் உத்தரவு கொடுத்தது என்று விசாரிக்காமல் விட்டதால், யாழ்ப்பாணத்துக்காரர் கண்ணில் அவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் ஆகிவிட்டார்கள். பெயர் சொல்லாமல் விட்ட குற்றம் படை முழுவதன் மேலும் படியும். விசாரணை நடந்தால் சுடாதவனுக்குத்தான் முதல் நன்மை.

நான்காம் காரணம்தான் கடினமானது: வெறும் வாய்ச்சொல்லால் என்ன ஆகிவிடும்?

2004 ஜூலையில், கறுப்பு ஜூலையின் 21ஆம் நினைவு நாளில், இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்க தமிழர்களுக்கு எதிரான 1983 வன்முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவரே அமைத்த உண்மை ஆணையம் அதற்கு முன் அறிக்கை கொடுத்திருந்தது. கேட்டது பெரிய மனதுதான். ஆனால் என்ன நடந்தது? வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25, 27 தேதிகளில் 53 தமிழ்க் கைதிகளை அடித்துக் கொன்றவர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஐந்தே ஆண்டில், போரின் கடைசிக் கட்டத்தில், முள்ளிவாய்க்கால் வந்தது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தோட்டனூத்திலிருந்து வந்திருக்கும் ஈழத்து உறவுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மன்னிப்பு மறு கொலையைத் தடுக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தண்டனையும் சட்டத் திருத்தமும் பின்னால் வராத மன்னிப்பு, வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

பிறகு எதற்குக் கேட்கச் சொல்கிறேன்? அரசு ஒருமுறை தன் வாயால் ஒப்புக்கொண்டால், அந்தக் கொலை நடக்கவே இல்லை என்று அதற்குப் பின்னால் வருகிறவர்கள் பள்ளிப் புத்தகத்தில் எழுத முடியாது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இரவோடு இரவாக இடித்தார்களே, ஏன்? ஒப்புக்கொள்ளாத அரசுக்கு ஒரு சிமெண்ட் தூபிகூட ஆபத்தாகத் தெரிகிறது. மாணவர்கள் போராடி, சில மாதத்தில் அதை மறுபடி கட்டினார்கள். 2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்காலை நினைத்துக் கஞ்சி குடித்தார்கள். அரசு சொல்லாததை மக்களில் சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத நாடு இந்தியா என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1984இல் தில்லித் தெருக்களில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதற்காக, நானாவதி ஆணைய அறிக்கை வந்த பின், 2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அதனால் நாடு சிறுத்துவிடவில்லை. இலங்கைத் தமிழருக்கும் இந்தியா செய்யாமல் இல்லை: வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது, யாழ்ப்பாணத்தில் கலாசார மையம் எழுப்பியிருக்கிறது. 2015 மார்ச்சில் மோடி யாழ்ப்பாணம் போனார். அங்கே கால் வைத்த முதல் இந்தியப் பிரதமர் அவர். அதே பயணத்தில் கொழும்புக்கு அருகே அமைதிப்படை வீரர்களின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையமும் வைத்தார். வைக்க வேண்டியதுதான். பெரியாஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வீடு கொடுத்த நாடு ஒரு வாக்கியம் கொடுக்கவில்லை.

தில்லியைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, கடை, நகை எல்லாம் விட்டுவிட்டு நடந்தார்கள். நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2002இல் கிளிநொச்சியில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்காக முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அந்த மக்களில் பலர் பிள்ளை பேரப்பிள்ளை எடுத்தும் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் பேசும் மேடையில் இதையும் பேசினால் நம் துக்கம் குறைந்துவிடாது. பேசாவிட்டால், கேட்கும் நியாயம் குறையும்.

முடிவாக மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, 1987 அக்டோபர் பற்றியும் 1989 ஆகஸ்ட் பற்றியும் ராணுவத்திடம் இருக்கும் நாட்குறிப்புகளையும் விசாரணைக் கோப்புகளையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இரண்டு, இந்தியாவுக்கு யாழ்ப்பாணத்தில் 2010 முதல் துணைத் தூதரகம் இருக்கிறது. வருகிற அக்டோபர் 21 அன்று அங்கிருந்து அதிகாரி ஒருவர் பெரியாஸ்பத்திரி அஞ்சலிக்குப் போகட்டும். சாட்சி சொன்னவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பிரதமரின் மன்னிப்பு வர வேண்டும். மூன்று, கொழும்பின் போர்க் குற்றங்களைக் கண்டித்து 2011இலும் 2013இலும் தீர்மானம் போட்ட நம் தமிழ்நாடு சட்டமன்றம், இந்திய அரசை நோக்கியும் ஒரு தீர்மானம் போடட்டும். உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தால் கொழும்புக்குச் சாதகமாகிவிடாதா என்று சிலர் நினைக்கலாம். நேர்மாறாகத்தான் நடக்கும். 'உங்கள் படை யாழ்ப்பாணத்தில் செய்தது என்ன?' என்று ஒரே கேள்வி கேட்டுக் கொழும்பு இன்று நம் வாயை அடைத்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்ட நாடுதான் முள்ளிவாய்க்காலுக்காக ஐ.நா. மன்றத்தில் தயங்காமல் கை தூக்க முடியும்.

மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் நிச்சயம் இருப்பீர்கள், முன்னாள் படைவீரர்களும் இருக்கலாம். மைக்கை உங்களிடம் தருகிறேன். கேளுங்கள், பதில் சொல்கிறேன்.